ஸ்லீவா, பைபாஸா? அக்காவுக்காக இரண்டு மருத்துவமனை ஏறி இறங்கிய அனுபவம்

அக்காவுக்கு 128 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 51. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற குறட்டை, படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறுகிற எதுக்களிப்பு. எடை குறைக்க இரைப்பையில் அறுவை செய்யலாமா என்று கேட்க, நீடாமங்கலத்திலிருந்து அவளையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போன வருடம் இரண்டு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்லீவ், பைபாஸ் என்பவை அந்த அறுவையின் இரண்டு வகை. நம் பக்கத்தில் இதே யோசனையோடு இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இடத்தில் பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்தது. "ஸ்லீவ் பண்ணிடலாம், பேக்கேஜ் இவ்வளவு, அடுத்த வாரமே தேதி இருக்கு" என்றார்கள். எதுக்களிப்பு இருக்கிறது என்று அக்கா தானாகவே சொன்னாள், ஆனால் வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற எண்டோஸ்கோபி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கத்திக்குப் பயமாக இருந்தால் இரைப்பைக்குள் பலூன் வைக்கலாம் என்று இன்னொரு விலையும் சொன்னார்கள். அந்த பலூனைப் பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும், எடுத்தபின் எடை திரும்ப ஏறுவது சகஜம் என்பதெல்லாம் நாங்களாகத் தெரிந்துகொண்டது. அந்த இடத்துக்கு மறுபடி போக மாட்டேன், யாரையும் அனுப்பவும் மாட்டேன்.

இரண்டாவது இடம் திருச்சியில். அங்கே டாக்டரின் முதல் கேள்வியே வேறாக இருந்தது: "அம்மா, 200 அடி நிற்காம நடக்க முடியுமா? கால்ல எப்பவாவது ரத்தம் கட்டியிருக்கா?" ஏன் இதைக் கேட்கிறார் என்று பிறகு படித்துப் பார்த்ததில் புரிந்தது. அமெரிக்காவில் இந்த அறுவை செய்துகொண்ட 4,776 பேரைக் கவனித்து 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் மொத்தத்தில் 0.3 சதவீதம். சின்னத் துளைகள் வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோபி பைபாஸில் 0.2, வயிற்றைத் திறந்து செய்த பைபாஸில் 2.1, இரைப்பையைச் சுற்றி பேண்ட் என்ற பட்டை போட்டவர்களில் யாரும் இல்லை. நடக்க முடியாதவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்கள், இவர்களுக்குத்தான் சிக்கல் கூடுதலாக வந்தது. அக்காவுக்கு மூன்றில் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதனால் தூக்கப் பரிசோதனை செய்து, தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் காற்றை அழுத்தி விடுகிற சிபாப் மெஷினை முகத்தில் மாட்டிப் பழக்கி, கல்லீரல் கொழுப்பு சுருங்க இரண்டு வாரம் குறைந்த மாவுச்சத்து உணவு கொடுத்த பிறகுதான் தேதி குறித்தார்கள்.

சரி, எது பாதுகாப்பு? பேண்டில் உடனடி ஆபத்து குறைவுதான், ஆனால் பின்னால் அது நகர்ந்தோ வயிற்றை அரித்தோ திரும்பத் திறக்க வேண்டி வருவதால் இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். குடலைத் தொடுவதில்லை, அறுவை எளிது, ஆனால் வெட்டியது திரும்ப வராது, எதுக்களிப்பு இருப்பவர்களுக்கு அது மோசமாகலாம். பைபாஸில் சின்னப் பை மாதிரி இரைப்பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கிறார்கள். எதுக்களிப்பு அடங்கும், சர்க்கரையும் நன்றாக இறங்கும், ஆனால் உள்ளே குடல் சிக்கிக்கொள்வது, இணைப்பில் புண் வருவது, இரும்பு, பி12, கால்சியம் குறைவது என்று வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டியவை உண்டு. குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கிற மினி பைபாஸில் பித்தநீர் மேலே வரும் பயம் இருப்பதால் அக்காவுக்கு அது வேண்டாம் என்றார் டாக்டர். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது தெரிந்ததும் பைபாஸ் என்று முடிவானது. இது அக்காவுக்கான விடை. எதுக்களிப்பே இல்லாத ஒருவருக்கு ஸ்லீவ் சரியாக இருக்கலாம்.

அறுவை அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள், ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஐந்தாம் நாள் ராத்திரி நாடித்துடிப்பு 120-ஐத் தொட்டது. வயிற்றுவலிகூட இல்லை. தையல் கசிந்தால் முதலில் தெரிவது நாடிதான் என்று டிஸ்சார்ஜின்போது சொல்லியிருந்ததால் போன் செய்தேன். ஒரே ரிங்கில் டாக்டரே எடுத்து "உடனே கிளம்பி வாங்க தம்பி" என்றார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்ற நிமிஷங்களை நான் மறக்க மாட்டேன். சிடி ஸ்கேன் எடுத்தார்கள், கசிவு இல்லை, தண்ணீர் குறைந்ததுதான் காரணம். என் மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரு போன் அழைப்புக்கே. எந்த அறுவை என்று கேட்கிற அளவுக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு யார் போன் எடுப்பார்கள், அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேளுங்கள்.

காப்பீடு பற்றி ஒரு வரி: பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருந்தால், உடல் பருமன் என்று காரணம் காட்டித் தள்ள விதியில் இடமில்லை, காத்திருப்புக் காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை என்று பார்த்தால் டயட் தாள்தான். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய். அக்கா வாழ்நாளில் ப்ரோக்கோலியைப் பார்த்ததில்லை. கேட்டபின் மோர், முட்டை, பாசிப்பயறு, குழைந்த மீன் என்று மாற்றி எழுதிக்கொடுத்தார்கள். திருவையாற்றில் ஒரு கல்யாணத்தில் இரண்டு ஸ்பூன் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு இருபது நிமிஷத்தில் வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்கோடு அவள் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தபோது, இனிப்பைப் பற்றி அந்தத் தாளிலேயே பெரிதாக எழுதியிருக்கலாம் என்று தோன்றியது.

இப்போது ஒன்பது மாதம், 91 கிலோ, இன்சுலின் ஊசி போடுவது நின்றுவிட்டது. எனக்கு மிச்சமிருக்கிற பயம் வேறு. நம் ஊரில் அசதி, வாந்தி என்றால் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ். இந்த அறுவை செய்தவர்கள் நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 வைட்டமின் (தயமின்) வற்றிவிடும், அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கும்: பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்காமலே தருகிற டைக்ளோஃபெனாக் பைபாஸ் இணைப்பில் புண்ணாக்கும். அதனால் ஒரு அட்டையில் "இரைப்பை பைபாஸ் செய்தவர். குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி, டாக்டர் நம்பரோடு லேமினேட் செய்து அக்கா பர்ஸில் வைத்திருக்கிறேன். அத்தான் பர்ஸில் இன்னொன்று.