மண்பாண்டம் கற்க வார இறுதி ஒர்க்‌ஷாப்பா, வாராந்திர வகுப்பா?

கலைக் கல்லூரியோ செராமிக் ஸ்டூடியோவோ எதுவாக இருந்தாலும், அடுத்த சில மாதங்களுக்கான நிகழ்ச்சி நிரலில் மூன்று சங்கதிகள் தவறாமல் இருக்கும்: கண்காட்சி, வார இறுதி ஒர்க்‌ஷாப், சில மாதங்கள் நீளும் வாராந்திர வகுப்பு. சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே மண்ணில் கைவைக்க ஆசைப்படுகிறவர்கள், இவற்றில் எதற்குக் காசையும் ஞாயிற்றுக்கிழமையையும் கொடுப்பது என்று கேட்கிறார்கள். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதில் சேர்ந்தவள் நான். இப்போதும் அங்கேதான் போகிறேன். அதனால் என் சாய்வு வாராந்திர வகுப்பின் பக்கம். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் கண்காட்சி. பெரும்பாலும் செலவில்லாதது, போகாமல் இருக்கக் காரணமே இல்லை. எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கேதான் முதல்வராக இருந்தார். ஓவியம், சிற்பத்தோடு செராமிக் துறையும் அங்கே உண்டு. கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் கண்காட்சிக் கூடங்களும் உண்டு, கலைஞர்கள் வேலை செய்யும் கூடங்களும் உண்டு. எந்த ஊரிலும் மாணவர் கண்காட்சி நடந்தால் அதை விடாதீர்கள். பாண்டத்தைச் செய்தவரே பக்கத்தில் நிற்பார், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். அனுமதி வாங்கிக்கொண்டு பாண்டத்தைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அடி வளையத்தை எவ்வளவு சுத்தமாகச் செதுக்கியிருக்கிறார், பளபளப்புக்காகப் பூசும் கிளேஸ் எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்பதில் செய்தவருடைய பழக்கம் தெரிந்துவிடும். கண்ணுக்கு இது நல்ல பயிற்சி. கைக்கு எதுவும் வராது, அவ்வளவுதான்.

அடுத்து, வார இறுதி ஒர்க்‌ஷாப். மண் பிசைவது, சக்கரத்தின் நடுவில் நிறுத்துவது, ஆசிரியரின் கை உதவியோடு ஒன்றிரண்டு கிண்ணம் எழுப்புவது என்று இரண்டு நாள் ஓடிவிடும். மண் நமக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்களுக்கும், குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் இதுவே சரி. ஒரே ஒரு வகை ஒர்க்‌ஷாப்பை மட்டும், வகுப்பில் இருப்பவர்கள்கூடத் தவறவிடக் கூடாது என்பேன்: பரம்பரையாகப் பானை வனையும் வேளார் நடத்துவது. முட்டுக்காடு தட்சிணசித்ரா போன்ற இடங்களில் அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். தடித்த சுவரோடு சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானையின் உள்ளே ஒரு கையால் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கி அடியை உருட்டிக்கொண்டு வருவார்கள். சத்தத்தை வைத்தே எங்கே தடிமன் அதிகம் என்று சொல்லும் காது அவர்களுக்கு. ஸ்டூடியோ வகுப்பு எதிலும் நான் பார்க்காத வித்தை இது.

மற்றபடி ஒர்க்‌ஷாப்பில் குறை என்று சொன்னால் எல்லோரும் நேரம் போதாது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பெரிய குறை அது அல்ல. அங்கே நம் கண்ணில் சூளை படுவதே இல்லை என்பதுதான் பெரிய குறை. ஈரக் கிண்ணத்தைப் பலகையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். சில வாரம் கழித்து ஃபோன் வரும், போனால் பளபளவென்று ஒரு பாண்டம் கையில் வரும். இல்லையென்றால் "உங்களுடையது உடைந்துவிட்டது" என்பார்கள். ஏன் உடைந்தது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

சக்கரத்தில் கிண்ணம் எழுப்பப் பத்து நிமிடம் போதும். அதற்கப்புறம் நடப்பதுதான் நீளம். முதலில் அது லெதர் ஹார்ட் என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் பதத்துக்கு வர வேண்டும். நகம் பதியும், ஆனால் தூக்கினால் வடிவம் கலையாது, அந்த நிலை. அப்போது அடியைச் செதுக்கி, கைப்பிடி வேண்டுமென்றால் ஒட்டி, பிறகு முழுக்கக் காயவிட வேண்டும். சூளையில் முதல் சூடு சுமார் 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை. அதன்பின் கிளேஸில் முக்கி இரண்டாவது சூடு. ஸ்டோன்வேர் என்ற, அதிகச் சூட்டில் கெட்டிப்படும் மண்ணாக இருந்தால் 1200 டிகிரிக்கு மேல் போகும். ஈரத்தில் இருந்ததைவிடப் பாண்டம் மொத்தத்தில் 10 முதல் 13 சதவீதம் வரை சுருங்கிவிடும்.

இதில் ஒவ்வொரு படியிலும் பாண்டம் வீணாகப் போகலாம். சுவருக்குள் ஈரம் இருக்கும்போது சூடு 100 டிகிரியை வேகமாகத் தாண்டினால், தண்ணீர் ஆவியாகிப் பாண்டத்தையே வெடிக்க வைக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று அளவு மாறும். ஏற்றும்போதும் சரி, ஆறும்போதும் சரி, அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் விரிசல்தான். கிளேஸ் தடிமனாக இருந்தால் வழிந்து சூளைக்குள் இருக்கும் ஷெல்ஃபோடு ஒட்டிக்கொள்ளும். மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால் மேற்பரப்பு முழுக்க மயிரிழைக் கோடுகள் ஓடும். சென்னையில் காயவைப்பதே தனிப் பாடம். ஐப்பசி மழையில் ஒரு கப் காய நாள்கணக்கில் ஆகும். அக்னி நட்சத்திரத்தில் விளிம்பு முதலில் காய்ந்து, அடி ஈரமாகவே இருந்து, வாய் கோணிக்கொள்ளும். மின்விசிறியை அணைத்து, பிளாஸ்டிக் ஷீட்டை எவ்வளவு மூடி எவ்வளவு திறந்து வைப்பது என்பது கையோடு பழகினால் மட்டுமே வரும்.

வாராந்திர வகுப்பில் இதெல்லாம் நம் கண் முன்னே நடக்கும். எங்கள் வகுப்பில் சூளை திறக்கும் காலை என்றால் எல்லோரும் சீக்கிரமே வந்துவிடுவார்கள். மீட்டரில் சூடு நூறுக்குக் கீழே இறங்கும் வரை ஆசிரியர் யாரையும் மூடியைத் தொட விடமாட்டார். ஒருமுறை ஒரு தட்டின் நடுவில் ஆங்கில எஸ் எழுத்தைப் போல ஒரு விரிசல். அவர் திட்டவில்லை. அடுத்த தட்டை அந்த மாணவரே செய்ய, ஈரமாக இருக்கும்போதே கம்பியால் அதைக் குறுக்கே இரண்டாக வெட்டிக் காட்டினார். அடிமண்ணை அழுத்திக் கெட்டிப்படுத்தாமல் சுவரை மட்டும் இழுத்தால் நடுப்பகுதி தளர்வாக நின்றுவிடும், காயும்போது அங்கேதான் பிளக்கும் என்றார். அதே சூளையில் ஒரு கோப்பையின் கைப்பிடி இணைப்பில் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. கோப்பை லெதர் ஹார்ட் பதத்தைத் தாண்டிக் காய்ந்த பிறகு ஈரக் கைப்பிடியை ஒட்டியிருக்கிறார்கள். கைப்பிடி பின்னால் சுருங்க, இணைப்பு தாங்கவில்லை. உடைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வாரம் எதைச் செய்ததால் இப்படி ஆயிற்று என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடிவதுதான் இந்தக் கலையில் பாதிப் படிப்பு. அதற்குச் செய்தவரும் சூளையும் ஒரே இடத்தில், மாதக்கணக்கில் இருக்க வேண்டும்.

வகுப்பின் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும், வாரம் ஒரு பாதி நாள் போகும், ஊருக்குப் போனால் நம் கிண்ணம் காய்ந்து கட்டியாகிவிடும். பல இடங்களில் சுடுவதற்கு எடைக்கோ அளவுக்கோ தனிக் கட்டணம் உண்டு. சேரும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய இன்னும் முக்கியமான கேள்வி, வகுப்பு முடிந்த பிறகு என்ன என்பது. படித்து முடித்தவர்கள் மணிக்கணக்கில் காசு கொடுத்துச் சக்கரத்தையும் சூளையையும் பயன்படுத்த முடியுமா? முடியாது என்றால் அந்த வகுப்பும் நீளமான ஒர்க்‌ஷாப்தான். ஓவியம் பயின்றவருக்கு வீட்டு மேசை போதும். மண்ணுக்குச் சூளை இல்லாமல் அடுத்த அடி இல்லை. அடுக்குமாடி வீட்டில் சக்கரத்தை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம், சூளைக்கு இடமும் மின்சாரமும் எங்கே போவது? கொஞ்சம் பெரிய மின்சூளை என்றாலே த்ரீ ஃபேஸ் இணைப்பு கேட்கும். ஆகவே இரண்டு ஸ்டூடியோக்களுக்கு நடுவே தயங்கினால், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பழைய மாணவர்களைச் சூளை பக்கம் விடும் இடத்தையே தேர்ந்தெடுப்பேன்.

முழுநேரப் படிப்பைப் பற்றி நான் கொஞ்சம்தான் சொல்ல முடியும். எழும்பூர்க் கல்லூரியில் நான்கு வருட பட்டப்படிப்பு. அது வேலைக்குப் போகிறவர்களுக்கானது அல்ல, நானும் அதில் படித்ததில்லை. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் இன்று பல ஊர்களில் சொந்த ஸ்டூடியோ வைத்திருக்கிறார்கள். அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன். மாதக்கணக்கில் தினமும் மண்ணோடு இருந்தவர்களின் கை வேறு என்பது பார்த்தாலே தெரியும். விறகுச் சூளையில் நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. நான் சொன்ன சூளைக் கணக்கெல்லாம் மின்சூளையை வைத்துத்தான்.

சேர்வதென்று முடிவு செய்துவிட்டால் தையில் தொடங்கும் வகுப்பைப் பாருங்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, பங்குனி வரை பாண்டம் நிதானமாகக் காயும். ஐப்பசியில் தொடங்கினால் முதல் சூளை திறப்பதற்கே காத்துக் காத்து அலுத்துவிடும். இடையில் ஓய்வாக இருக்கும் வாரங்களில் கண்காட்சிகளுக்குப் போகலாம், வேளார் ஒர்க்‌ஷாப் ஏதாவது வந்தால் அதிலும் பெயர் கொடுத்துவிடலாம்.