‘உத்தரவாத வருமானம்’ என்று சொல்லி விற்கிற ஓய்வுக்காலத் திட்டம்: கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஐம்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்து ஒரு வகைத் திட்டத்தை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். காப்பீடு, சேமிப்பு, ஓய்வூதியம் மூன்றும் ஒரே பத்திரத்தில் என்பார்கள், ‘உத்தரவாதம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். எனக்கும் விற்றார்கள். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, அதைவிட, இதே அச்சில் வார்த்த திட்டங்களைப் பலரும் விற்பதால் பெயரைத் தெரிந்துகொண்டு நீங்கள் தப்பிக்கவும் முடியாது. கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் தப்பிக்கலாம்.

திட்டம் இதுதான். வருட ஆரம்பத்தில் 100 வீதம் பத்து வருடம் கட்ட வேண்டும் (நான் கட்டியது வேறு தொகை, கணக்குக்காக 100 என்று வைத்துக்கொள்கிறேன்). முதல் தவணை கட்டி 11 வருடம் ஆனதும் வருடத்துக்கு 120 வீதம் பத்து வருடம் திரும்ப வரும். எனக்கு விற்றவர் இதைச் சொன்ன விதம்தான் விசேஷம்: “சார், நீங்க கட்டுறதுல 120 சதவீதம், வருஷா வருஷம், கேரண்டி. மார்க்கெட் விழுந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.” 120 சதவீதம் என்று காதில் விழுந்ததும் அது ஏதோ வட்டி விகிதம் மாதிரியே கேட்கும். அது வட்டியே இல்லை. நம் அசல்தான் திரும்பி வருகிறது, மேலே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு.

சரி, அந்தக் கொஞ்சம் எவ்வளவு? முதல் வருடம் கட்டிய 100 சரியாக 11 வருடம் கழித்து 120 ஆக வருகிறது. இரண்டாவது வருடம் கட்டிய 100-ம் அப்படியே 11 வருடம் காத்திருந்து 120 ஆக வருகிறது. பத்துத் தவணைக்கும் இதே கதைதான். 11 வருடத்தில் 100 என்பது 120 ஆக வேண்டுமானால் ஆண்டுக்குக் கூட்டு வட்டி சுமார் 1.67 சதவீதம் போதும். அவ்வளவுதான், இதற்குத்தான் அத்தனை வண்ணப் படம் போட்ட புத்தகம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று 100-க்கு வாங்குகிற பொருளை 11 வருடம் கழித்து வாங்க 171 வேண்டும். கையில் வருவது 120. அதாவது, உத்தரவாதமாக நஷ்டம். சந்தை விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது பொய்யில்லைதான், சந்தை விழாமலேயே பணம் கரைந்துகொண்டிருக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. சம்பளம் நிற்க ஆறே வருடம் இருக்கிற ஆளுக்குப் பத்து வருடம் கட்டுகிற திட்டத்தை எழுதியிருக்கிறார். கடைசி நான்கு தவணைகளை ஓய்வு பெற்ற பிறகு, சேமிப்பை உடைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். ஓய்வுக்காலத் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு ஓய்வுக்காலத்தில் பணம் கேட்கிற திட்டம்! படிவத்தில் ஓய்வு பெறும் வயது என்ற கட்டத்தில் 65 என்று அவர் கையெழுத்தில் நிரப்பியிருந்தது, நான் சொன்னது 60. நான் பேனாவை எடுக்கும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தது. “மிச்சத்தை ஆபீஸ்ல ஃபில் பண்ணிக்கிறோம் சார், இன்னிக்குத்தான் கடைசி நாள், நாளைக்கு இந்த ஸ்கீம் க்ளோஸ் ஆகுது” என்றார். அந்தத் திட்டம் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்தச் சரிபார்ப்பு அழைப்பு. பணம் கட்டியதும் நிறுவனத்திலிருந்து போன் வரும், எல்லாம் புரிந்ததா, தவணைக் காலம் தெரியுமா என்று கேட்பார்கள், பதிவும் செய்வார்கள். “ஃபார்மாலிட்டிதான் சார், எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க, இல்லேன்னா ஃபைல் திரும்பிடும்” என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். நம்மைப் பாதுகாக்க ஏற்பட்ட அழைப்பு அது. அதையே நமக்கு எதிரான சாட்சியாக மாற்றிவிட்டார்கள்; என் புகாருக்கு வந்த முதல் பதில், ‘பதிவான அழைப்பில் தாங்கள் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டுள்ளீர்கள்’ என்பதுதான்.

பத்திரம் விஷயத்திலும் ஒரு தந்திரம் உண்டு. பல நாடுகளில் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்தபின் குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம், சிறு பிடித்தம் மட்டும் போகும். எனக்கு விற்றவர் பத்திரத்தைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, நேரில் கொண்டுவந்து விளக்குகிறேன் என்று இழுத்தடித்து, அந்தக் கெடு முடிந்த பிறகு இனிப்போடு வந்து கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கான தாளில் தேதி மட்டும் பழைய தேதி.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? இந்த வகைத் திட்டங்களில் முதல் வருடத் தவணையில்தான் கமிஷன் கொழுத்துப் போகும், நடுவில் நிறுத்தினால் கைக்கு வரும் தொகை ஆரம்ப வருடங்களில் அடிமட்டமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். ஆலோசகர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் அவருக்குச் சம்பளம் தருவது நீங்கள் வாங்குகிற பொருள். பிரிட்டனில் 2013 முதலும் நெதர்லாந்தில் 2014 முதலும் முதலீட்டு ஆலோசனை சொல்பவர்கள் பொருளை விற்ற நிறுவனத்திடமிருந்து கமிஷன் வாங்கத் தடை போட்டார்கள் என்றால், இந்த நோய் எவ்வளவு பரவலானது என்று பாருங்கள். அந்தத் தடை இல்லாத இடங்களில் நாமேதான் கேட்க வேண்டும்: இதில் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு எவ்வளவு, எழுத்தில் தருகிறீர்களா? எனக்குக் கிடைத்த பதில் “கம்பெனி ஏதோ குடுக்கும் சார்”.

இப்போது மாட்டிக்கொண்டவர்களுக்கு. ‘இப்ப நிறுத்தினா எல்லாம் போச்சு, கட்டி முடிச்சிடுங்க’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கணக்குப் போடுங்கள். நான் இரண்டு தவணை கட்டியிருந்தேன், 200. நிறுத்தினால் திரும்பத் தருவதாகச் சொன்னது சுமார் 67, மூன்றில் ஒரு பங்கு. வயிறு எரிந்தது. ஆனால் மீதி 133 தொடர்ந்தாலும் தொடராவிட்டாலும் போனதுதான், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்றைய நிலையில் கேள்வி ஒன்றே ஒன்று: கைக்கு வரும் 67-ஐயும் இனிக் கட்ட வேண்டிய எட்டுத் தவணைகளையும் இதிலேயே போட்டால் ஆண்டுக்கு என்ன வளர்ச்சி? ஸ்ப்ரெட்ஷீட்டில் எக்ஸ்ஐஆர்ஆர் என்றொரு சூத்திரம் இருக்கிறது, தேதியையும் தொகையையும் வரிசையாகப் போட்டு, கட்டுவதற்கும் இன்று வாங்காமல் விடும் 67-க்கும் கழித்தல் குறியும் வருவதற்குக் கூட்டல் குறியும் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும். எனக்கு வந்தது 3 சதவீதத்துக்குச் சற்று மேல் (போன 133-ஐச் சேர்க்காததால் இது 1.67-ஐவிடக் கூடுதல்). பாதுகாப்பான வைப்பிலேயே அதைவிட அதிக வட்டி கிடைத்ததால் நிறுத்தினேன். உங்களுக்கு எட்டுத் தவணை கட்டி இரண்டுதான் பாக்கி என்றால் விடை தலைகீழாகக்கூட வரலாம், தொடர்வதே லாபமாக இருக்கலாம். அதனால் என்னைப் பார்த்து நிறுத்தாதீர்கள், உங்கள் தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.

உத்தரவாதம் தேடுவதே முட்டாள்தனம் என்றும் நான் சொல்லவில்லை. ஓய்வு பெறுகிற நேரத்தில் சந்தை விழுவது நிஜமான ஆபத்துதான். 2008-இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஈவுத்தொகையைச் சேர்த்துக்கூட ஏறத்தாழ 37 சதவீதம் விழுந்தது. அப்படி விழுந்த பணம் பழைய இடத்துக்கு வரக் கிட்டத்தட்ட 59 சதவீதம் ஏற வேண்டும், அதற்குள் நீங்கள் சாப்பாட்டுச் செலவுக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் ஏறுவதற்கு அங்கே பணமே குறைவாக இருக்கும். இந்தப் பயத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள். அதற்கு மருந்து 1.67 சதவீதத்தில் இருபது வருடம் பூட்டிவைப்பது இல்லை. சில வருடச் செலவுக்கானதை வைப்பிலோ குறுகிய காலக் கடன் பத்திரங்களிலோ தனியாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டு (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் நிதி) மாதிரி ஒன்றில் வளரவிடலாம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் 1994-இல் பழைய சந்தைக் கணக்குகளைப் புரட்டி, முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடம் தாங்கியிருக்கும் என்று காட்டினார். அது அமெரிக்கக் கணக்கு, எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் யோசிக்க ஆரம்பிக்க ஓர் எண் வேண்டுமே. கட்டணத்தையும் பாருங்கள்: 7 சதவீதத்தில் 30 வருடத்தில் 100 என்பது 761 ஆகும், ஆண்டுக்கு 2 சதவீதம் கட்டணமாகப் போனால் 432 தான். ஆயுள் காப்பீடு தேவையென்றால் டேர்ம் பாலிசியை (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) தனியாக எடுங்கள், காப்பீட்டையும் சேமிப்பையும் கலந்து விற்பவரிடம் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

புகார் கொடுப்பவர்கள் விற்றவரிடம் போனில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள், நிரப்பிய படிவத்தின் நகலையும் அழைப்புப் பதிவையும் கேட்டு வாங்குங்கள், அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். என்னிடம் ‘120% கேரண்டி’ என்று அவர் அனுப்பிய செய்தி அப்படியே இருக்கிறது, நிறுவனத்துக்கு வெளியே புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் வரை புகார் நகர்ந்ததற்கு அதுதான் காரணம்.

பாலிசியை நிறுத்திய பிறகு இன்னொரு கூட்டம் போன் செய்யும், எனக்கு வந்தது. “உங்க பழைய பாலிசியில போனஸ் தேங்கிக் கிடக்கு, கண்காணிப்பு அமைப்புல இருந்து பேசறோம், அதை ரிலீஸ் பண்ண ஒரு புது பாலிசி எடுக்கணும்” என்பார்கள். பாலிசி எண், பிறந்த தேதி, கட்டிய தொகை எல்லாம் பிசகாமல் சொல்வார்கள், எங்கிருந்து கிடைத்ததோ. அப்படிப்பட்ட அமைப்பு எதுவும் யாருக்கும் போன் போட்டு பாலிசி விற்காது, வைத்துவிடுங்கள்.