600 கிலோ புதுசா, பழைய செஸ்னாவா? பொழுதுபோக்கு விமானிக்கான அலசல்

அமெரிக்காவில் வார இறுதியில் பறப்பவர்களிடையே இருபது ஆண்டுகளாக ஓடிய 'புது லைட் ஸ்போர்ட்டா, பழைய செஸ்னாவா' என்ற வாதம் 2025 அக்டோபர் 22-ஆம் தேதி தலைகீழாகிவிட்டது. அதுவரை லைட் ஸ்போர்ட் என்ற லேசான, இரண்டு இருக்கை விமானத்தை வாங்கிய பலர் அதன் அழகுக்காக வாங்கவில்லை, மருத்துவச் சான்றிதழுக்குப் பயந்து வாங்கினார்கள். 2004-இல் வந்த விதிப்படி, இந்த ரகத்தை ஓட்டும் உரிமம் பெற்ற ஸ்போர்ட் பைலட்டுக்கு உடல்தகுதிச் சான்றாகக் கார் லைசென்ஸே போதும். (கடைசியாக விண்ணப்பித்தபோது மருத்துவச் சான்று மறுக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தக் கதவு மூடியேதான்.) பயிற்சியும் குறைந்தபட்சம் 20 மணி நேரம், வழக்கமான தனியார் உரிமமான பிரைவேட் பைலட்டுக்கு 40.

பதிலுக்கு விமானத்தின் மேல் கட்டுப்பாடு: 600 கிலோவுக்குள் எடை, இரண்டே இருக்கை, 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வரை வேகம், 45 நாட் வரை ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம். ஊரெல்லாம் பறக்கப் பழகிய செஸ்னா 150 கூடச் சுமார் 125 கிலோ அதிகம் என்று வெளியே நின்றது. அந்த அக்டோபரில் அமலுக்கு வந்த புதிய மொசைக் விதி ஸ்போர்ட் பைலட்டுக்கு அந்த எடை வரம்பையே எடுத்துவிட்டது. மடல் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் பலகை) இறக்காத ஸ்டால் வேகம் 59 நாட் வரை இருந்தால் சரி. செஸ்னா 172 உள்ளே வந்துவிட்டது. நான்கு இருக்கை இருந்தாலும் கூட ஏற்றிக்கொள்ள ஒரே ஆள்தான் என்பது தனிக் கதை.

ஆக, லைட் ஸ்போர்ட் இனிச் சொந்தக் காலில் நின்று ஜெயிக்க வேண்டும். ஜெயிக்குமா?

எடையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கின்றன. முழுச் சுமையோடு 172 ஏறத்தாழ 1,157 கிலோ. மடல் முழுக்க இறக்கினால் 48 நாட்டில் ஸ்டால் ஆகும். லைட் ஸ்போர்ட் 600 கிலோ, 45 நாட். என்ஜின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால், தரையில் கரைக்க வேண்டிய ஆற்றல் 172-இன் பாதிகூட வராது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் சில நாட் குறைவே பெரிய லாபம். உயிர் பிழைக்கும் கணக்கில் இது லைட் ஸ்போர்ட்டுக்கு உண்மையான சாதகம்.

அதே லேசான உடம்புதான் ஓடுபாதையில் காலை வாரும். 172-இல் பழகியவர் கடைசி முப்பது அடியில் என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுதும் இழுத்துவிட்டு மூக்கைத் தூக்குவார். கனமான விமானம் கொஞ்ச தூரம் மிதந்துகொண்டே போய் உட்காரும். லைட் ஸ்போர்ட்டில் அதையே செய்தால் வேகம் சட்டென்று வடிந்து, இன்னும் ஐந்தடி உயரத்திலேயே இறக்கை ஓய்ந்துவிடும். தொப்பென்று விழும், துள்ளும், மூக்குச் சக்கரம் வளையும். குறுக்குக்காற்று வீசினால் காற்றில் பட்டம் மாதிரிதான். பல்லாயிரம் மணி பறந்த அனுபவசாலிகளும் இதில் மாட்டுகிறார்கள், 'சின்ன விமானம்தானே' என்ற நினைப்போடு ஏறுவதால். மாறும்போது, அந்த ரகத்தை அறிந்த பயிற்றுநரோடு, காற்றடிக்கும் நாளில் சில மணி நேரம் இறங்கிப் பழகாமல் சாவியை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

கட்டுமான உறுதியில் 172-க்கே என் ஓட்டு. லைட் ஸ்போர்ட்டுக்கு அரசின் முழுச் சான்றிதழ் கிடையாது. தொழில்துறை கூடி வகுத்த ஏ.எஸ்.டி.எம். தரங்களுக்கு ஏற்பச் செய்தோம் என்று தயாரிப்பாளரே உறுதி கொடுக்கிறார். பெரும்பாலும் இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஸோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல். விமானங்கள் பறக்கும்போதே உடைந்தன. 2009 ஏப்ரலில் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அவற்றைத் தரையில் நிறுத்தச் சொன்னது. இறக்கைக் கட்டுப்பாட்டுப் பரப்பு படபடத்து ஆடுவதுதான் சந்தேகம். பிறகு திருத்தங்கள் வந்தன. செஸ்னாவே இந்தச் சந்தையில் இறக்கிய ஸ்கைகேட்சர் 162, சுழல் (கட்டுப்பாடிழந்து சுழன்றபடி விழும் நிலை) சோதனைகளில் 2008-இலும் 2009-இலும் ஆண்டுக்கொரு விமானத்தை இழந்தது; வாலைத் திருத்தினார்கள். சோதனையிலேயே குறை தெரிந்தது நல்லதுதான்.

ஸ்கைகேட்சரின் வேறொரு கணக்கையும் பாருங்கள். காலி எடை போக மிச்சம் சுமார் 220 கிலோ. தொட்டி நிரப்பினால் எரிபொருளே 65 கிலோ. இரண்டு பேருக்கு 155 கிலோதான். நடுத்தர உடம்புள்ள இரண்டு ஆண்கள் பையோடு ஏறினால் வரம்பு மீறும். 'கொஞ்சம்தானே' என்று மீறுவது 600 கிலோ விமானத்தில் கொஞ்சமல்ல.

பாராசூட் விஷயத்தில் லைட் ஸ்போர்ட் கெட்டிக்காரப் பிள்ளை. விமானத்தையே தாங்கி இறக்கும் ராக்கெட் பாராசூட் பல மாடல்களில் உண்டு. பழைய 172-இல் அரிது. ஆனால் அது விரிய உயரம் வேண்டும். நீரிலும் இறங்கும் ஐகான் ஏ5-ஐ 'வானத்து விளையாட்டுச் சாமான்' போல விற்றார்கள். 2017 மே மாதம் பெர்ரியெஸா ஏரியில் தாழப் பறந்த ஒன்று தவறான பள்ளத்தாக்குக்குள் நுழைந்து மோதியது; அதே ஆண்டு நவம்பரில் முன்னாள் பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே மெக்சிகோ வளைகுடாவில் நீருக்கு மிக அருகே சாகசம் காட்டியபோது விழுந்து இறந்தார். விமானம் சுழலுக்கு எளிதில் போகாதபடி வடிவமைக்கப்பட்டதுதான். ஆனால் விமானம் கொடுக்கும் குஷி விமானியை எங்கே இழுத்துச் செல்கிறது என்பதை எந்த வடிவமைப்பும் தடுக்காது.

செலவில், பல லைட் ஸ்போர்ட் விமானங்களில் இருக்கும் ரோட்டாக்ஸ் 912 என்ஜின் தெளிவாக முந்துகிறது: மணிக்கு இருபது லிட்டருக்குள், சாதாரண பங்க் பெட்ரோலிலும் ஓடும். 172 சுமார் 35 லிட்டர் கேட்கும், பெரும்பாலும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல். ஆனால் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்தது 172-இன் என்ஜினைத்தான்.

என் தேர்வு? காற்று பலமாக வீசும் இடத்தில், குடும்பத்தில் ஒருவரையும் கூட்டிப் போக நினைப்பவர் பழைய 172-ஐயே வாங்கட்டும். தனியாக, நல்ல வெயில் நாளில், பாராசூட் இருக்கிற மாடலில் பறப்பவருக்கு லைட் ஸ்போர்ட் அருமை. ஒரு நிபந்தனை: தயாரிப்பாளர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்று பார்க்கவும். இந்த விமானத்தில் மாற்றம் செய்யப் பெரும்பாலும் அவர் சம்மதம் தேவைப்படும்.