எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி: ஒரு பயனரின் மதிப்பீடு

கோயம்புத்தூரில் நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனம் எங்களுடையது. ஐரோப்பாவில் கிடைத்த முதல் இரண்டு வாடிக்கையாளர்களும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான நிறுவனத்தோடுதான் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டதால், எஸ்டோனிய அரசு 2014 டிசம்பரில் தொடங்கிய இ-ரெசிடென்சி திட்டத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டவருக்கு மின்னணு அடையாள அட்டை கொடுத்து, இணையம் வழியாகவே அங்கே நிறுவனம் தொடங்கி நடத்த வழிசெய்யும் திட்டம் இது.

விண்ணப்பம் முழுவதும் இணையத்திலேயே முடிகிறது. அட்டையைப் பெற மட்டும் புதுடெல்லியிலுள்ள எஸ்டோனியத் தூதரகத்துக்கு நேரில் சென்று கைரேகை கொடுக்க வேண்டும். கையில் வந்த சிறு பெட்டிக்குள் அட்டையும், அதைக் கணினி படிப்பதற்கான கருவியும், ரகசிய எண்கள் அடங்கிய உறையும் இருந்தன. முதல் எண் உள்ளே நுழைவதற்கு, இரண்டாவது எண் கையொப்பம் இடுவதற்கு. அந்த மின்கையொப்பத்துக்கு ஒன்றியம் முழுவதும் மைக்கையொப்பத்துக்கு நிகரான சட்ட மதிப்பு உண்டு. முத்திரைத்தாளுக்கும் நோட்டரிக்கும் பழகிப்போன எனக்கு, 265 யூரோ கட்டணம் செலுத்தி என் மேசையிலிருந்தே நிறுவனத்தைப் பதிவு செய்தது இன்றும் வியப்புதான். முன்பு தேவைப்பட்ட 2,500 யூரோ குறைந்தபட்ச மூலதன விதியையும் 2023 பிப்ரவரியில் நீக்கிவிட்டார்கள்.

ஆனால் அட்டை கதவைத் திறக்கிறதே தவிர, உள்ளே யாரும் வரவேற்கக் காத்திருப்பதில்லை. ஓர் ஐரோப்பிய வங்கி ஆறு வாரங்கள் ஆவணத்துக்கு மேல் ஆவணமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே வரியில் கணக்குத் தர மறுத்துவிட்டது. கைகொடுத்தவர் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் இருக்கும் எங்கள் கணக்காளர். நிர்வாகம் வெளிநாட்டிலிருந்து நடந்தால் நிறுவனத்துக்கு வரும் அரசுக் கடிதங்களைப் பெற்றுக்கொள்ள எஸ்டோனியாவில் சட்டப்படி ஒரு தொடர்பாளர் இருக்க வேண்டும். அதற்காகத் திட்டத்தின் இணையச் சந்தையில் தேடியபோது கிடைத்தவர் அவர். எங்களைப் போன்ற நிறுவனங்கள் பலவற்றைப் பார்த்தவர் என்பதால், வங்கியை விட்டுவிட்டுப் பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் கணக்குத் தொடங்கச் சொன்னார். நான்கு நாள்களில் வேலை முடிந்தது.

இத்தகைய மனிதர்கள் அங்கே திரண்டிருப்பது தற்செயல் அல்ல. ஏறத்தாழ 13 லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டில் உள்நாட்டுச் சந்தையை நம்பி எந்தத் தொழிலும் பெரிதாக வளர முடியாது; முதல் நாளிலிருந்தே வெளிநாட்டை நோக்கித்தான் கடை விரிக்க வேண்டும். 2003-இல் தாலினில் உருவாக்கப்பட்ட இணைய அழைப்புச் சேவையான ஸ்கைப்பை 2005-இல் அமெரிக்க இணைய வணிக நிறுவனமான இபே வாங்கியபோது, அதிலிருந்து வெளிவந்தவர்களின் பணமும் அனுபவமும் அடுத்த தலைமுறை நிறுவனங்களுக்குள் பாய்ந்தன. வைஸ் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தை இணைந்து தொடங்கிய தாவெட் ஹின்ரிகுஸ், ஸ்கைப்பின் முதல் ஊழியர். அட்டையின் விலையில் நாம் உண்மையில் வாங்குவது இந்தச் சூழலுக்குள் நுழையும் அனுமதியை என்றே நான் கருதுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது விசா அல்ல, குடியுரிமையும் அல்ல. நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருக்கும் லாபத்துக்கு வரி இல்லை என்பது உண்மையே என்றாலும், ஈவுத்தொகையாக எடுக்கும்போது, 2025 முதல் 22/78 என்ற விகிதத்தில் (கைக்கு வரும் ஒவ்வொரு 78 யூரோவுக்கும் 22 யூரோ) வரி உண்டு; தவிர, முடிவுகள் கோயம்புத்தூரில் எடுக்கப்படும்போது நம் வருமான வரித்துறையின் கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மூலதனத்தை அனுப்பும் முன் இங்குள்ள வங்கி வழியே வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிப்பதற்கான ரிசர்வ் வங்கியின் படிவம் எஃப்சி-யைத் தாக்கல் செய்ய வேண்டும். பல தொழில்முனைவோர் இதைப் பணம் அனுப்பிய பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்!

வாடிக்கையாளரே இல்லாதவர்களுக்கு இந்த அட்டையைப் பரிந்துரைக்க மாட்டேன்; ஆண்டுதோறும் தொடர்பாளருக்கும் கணக்காளருக்கும் கட்ட வேண்டிய தொகையே சுமையாகிவிடும். இரண்டு ஒப்பந்தங்களாவது கைவசம் இருப்பவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டு கழித்து என் அட்டை காலாவதியாகும்போது நான் மீண்டும் டெல்லிக்கு ரயிலேறுவேன்.