மாத்திரைப் பெட்டியா, கைப்பேசி அலாரமா?

இருமுனைக் கோளாறுக்கு (மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் மாறும் பைபோலார் நோய்) லித்தியம் மாத்திரை எடுப்பவருக்கு அலாரம் நேரத்தைச் சொல்லும். மாத்திரை உள்ளே போனதா என்று சொல்லாது. அணைத்துவிட்டு வேறு வேலையில் இறங்கினால் அரைமணி கழித்து ‘போட்டேனா?’ என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தில் இன்னொன்று போடுவதுதான் ஆபத்து: லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

ஏழுநாள் பெட்டியில் புதன்கிழமை அறை காலியா என்று பார்த்தால் போதும். மனம் தலைகால் புரியாமல் ஓடும் நாட்களில் வீட்டாருக்கும் அது கண்ணில் படும். இதே கோளாறுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான வால்ப்ரோயேட் மட்டும் ஈரம் இழுக்கும். அட்டையிலிருந்து பிரிக்காமல் கத்தரித்து வையுங்கள்.

அலாரமும் வேண்டும்தான். லித்தியம் ரத்தப் பரிசோதனை கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து எடுப்பது. இரவு 9 மணிக்குப் போட்டால்தான் காலை 9 மணி ரத்தத்தில் காட்டும் லித்தியம் அளவை நம்பலாம். ஒன்றுதான் முடியும் என்றால், பெட்டி. தவறிய வேளைக்காக அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடவே கூடாது.