240 பவுண்ட் போச்சு! இங்கிலாந்தில் வம்சாவளி தேடுபவர்கள் உஷார்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் நாகரிகமாக எழுதித் தொலைப்பேன்.

என் வீட்டுக்காரர் ஆங்கிலேயர், பூர்வீகம் யார்க்‌ஷயரில் விட்பி பக்கம். மாமியாரின் 80வது பிறந்தநாளுக்குக் குடும்பத்தின் பழைய திருமண ஆவணம் ஒன்றை ஃப்ரேம் போட்டுக் கொடுக்கலாம் என்று, ஆன்லைனில் வம்சாவளி தேடித் தரும் ஒரு சேவையைப் பிடித்தேன். கட்டணம் 240 பவுண்ட். மொத்தமும் முன்பணம்.

நம்ப வைத்தது அந்தப் போன்தான். பேசிய பெண்மணிக்கு விஷயம் தெரிந்திருந்தது. 1754 முதல் சர்ச்சில் கல்யாணம் செல்லுபடியாக, நம் ஊர் போலவே மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும் (சர்ச்சில் கல்யாண அறிவிப்பு), இல்லையென்றால் திருச்சபையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றார். "லைசென்ஸுக்காக மாப்பிள்ளை சத்தியம் செய்த வாக்குமூலம், பிணைப் பத்திரம் எல்லாம் எடுத்துத் தருகிறோம்" என்றார். மாமியாரின் முழங்கால் வலியைக்கூட விசாரித்தார். அப்புறம் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

வந்தது என்ன தெரியுமா? டீயில் நனைத்த நிறத்தில் ஒரு தாள். மேலே '1796, அசல் திருமண லைசென்ஸ்'. கீழே சிவப்பு அரக்கு முத்திரை. தடவிப் பார்த்தால் வழவழவென்று தட்டை. பிரிண்ட்!

மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் '21 வயதுக்கு மேல்' என்று போட்டு, இருவரின் அப்பா அம்மா பெயரும் இருந்தது. நூலகத்தில் வம்சாவளிப் பகுதியைக் கவனிப்பவரிடம் காட்டினேன். பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். அவர் சொன்னது இதுதான்: 21 தாண்டியவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை, அதனால் அவர்கள் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. திருமணப் பதிவேட்டில் அப்பா பெயருக்கென்று கட்டம் வந்ததே 1837இல்தான். லைசென்ஸை மாப்பிள்ளை கொண்டுபோய்க் குருவானவரிடம் கொடுத்துவிடுவார், அது மிஞ்சுவது அபூர்வம். திருச்சபை அலுவலகத்தில் தங்குவது வாக்குமூலமும் பிணையும்தான். யார்க் திருமண்டலத்துக் காகிதங்கள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. இந்தத் தாளில் எந்த ஆவணக்காப்பகத்தின் பெயரும் கிடையாது.

கூட வந்த அறிக்கைதான் உச்சம். 'உங்கள் முன்னோர் லைசென்ஸுக்கு 200 பவுண்ட் கட்டியவர், பெரும் செல்வந்தர்.' அது பிணைத் தொகை ஐயா! கல்யாணத்துக்குத் தடை இருந்ததை மறைத்தது தெரியவந்தால் மட்டும் கட்ட வேண்டியது. அந்த மனுஷன் 200 கட்டவில்லை, நான்தான் 240 கட்டியிருக்கிறேன்.

திரும்பக் கூப்பிட்டால் அந்தப் பெண்மணி 'வேறு பிரிவுக்குப் போய்விட்டார்'. அசலின் படம் கேட்டால் 'காப்புரிமைச் சிக்கல்'. மெயில் போட்டால் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்'. கடைசியில் வந்த பதில்: 'கட்டணம் தேடும் நேரத்துக்குத்தான், முடிவுக்கு அல்ல.' பணம் வாங்கும்போது இதை ஏன் சொல்லவில்லை? 240 பவுண்ட்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. ஆவணக்காப்பகத்தின் பெயரும் குறிப்பு எண்ணும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே நீட்டாதீர்கள். லைசென்ஸ் வாங்கியதாலேயே கல்யாணம் நடந்ததாக ஆகாது, சர்ச் பதிவேட்டையும் பாருங்கள். பிணைப் பத்திரம் 1823இல் ஒழிந்துவிட்டது, 1840 தேதி போட்டு ஒன்றைக் காட்டினால் அங்கேயே போனை வையுங்கள்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே டீ நிறத் தாள் இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.