கீரி சாகாத பஞ்சதந்திரம்

பேத்திக்காக வாங்கிய படப் புத்தகம் இது. மொத்தம் 40 விலங்குக் கதைகள், பஞ்சதந்திரத்திலிருந்து பாதி, ஈசாப்பிலிருந்து பாதி. மூன்று வாரமாக ராத்திரி அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

குரங்கும் முதலையும் கதையைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள். "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே" என்று குரங்கு சொல்லும் இடத்தில் பக்கம் முடிகிறது. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டுத் தானே திருப்பினாள். அடுத்த பக்கம் முழுக்க நாவல் மரம், உச்சியில் குரங்கு. இந்தக் கதை அரபு மொழிக்கு, 'கலீலா வ திம்னா' என்ற அரபுப் பஞ்சதந்திரத்துக்குப் போனபோது முதலை ஆமையானது, நாவல் அத்தியானது. குரங்கின் பொய் மட்டும் அப்படியே இருந்தது.

படங்களில் ஒரு குறை. பஞ்சதந்திரத்து நரிக்குச் செக்கச்செவேல் என்ற உடம்பு, வால் நுனியில் வெள்ளை. அது குளிர்நாட்டுச் செந்நரி! நம் கதையில் வருவது சாம்பலும் பழுப்புமான நரி. சரி, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, போகட்டும்.

கீரிக் கதையைத்தான் என்னால் விட முடியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு திரும்பும் தாய், வாயில் ரத்தத்தோடு நிற்கும் கீரியைப் பார்க்கிறாள், குடத்தைத் தூக்குகிறாள். இதுவரை சரி. பழைய கதையில் அந்தக் குடத்தைப் போட்டுக் கீரியைக் கொன்ற பிறகுதான் பாம்பைப் பார்ப்பாள். இதில் அப்படி இல்லை. திடீரென்று தொட்டிலை எட்டிப் பார்த்து, செத்த பாம்பைக் கண்டு, கீரியைக் கட்டிக்கொள்கிறாள். "ரத்தத்தைப் பார்த்தும் அவங்களுக்குக் கோபமே வரலையா தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி. என்ன சொல்வது? இந்தக் கதை வரும் ஐந்தாம் தந்திரத்துக்கே 'ஆராயாமல் செய்தல்' என்றுதான் பெயர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் விட்டுப்போன பெண், அவன் எழுதிக் கொடுத்த ஓலையும் கையுமாக அலைகிறாள். கோவலன் தானம் செய்து அவள் பாவத்தைப் போக்குகிறான். கீரி பிழைத்துவிட்டால் அந்த ஓலை ஏது?

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அந்தக் 'கலீலா வ திம்னா'வை அரபியில் எழுதியபோது, சிங்கத்துக்கும் எருதுக்கும் பகை மூட்டிய நரி தப்பித்துப் போவது பொறுக்காமல், அதற்கு ஒரு விசாரணையும் தண்டனையும் சேர்த்தார் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் எருதை அவர் உயிரோடு எழுப்பவில்லை. இந்தப் புத்தகத்தில் அதுவும் நடக்கிறது. சிங்கமும் எருதும் சமாதானமாகி மாலை மாற்றிக்கொள்ளாத குறை.

30 வருஷம் அச்சுப் படி திருத்திய கண் எனக்கு. ஒற்றுப் பிழைகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு கதைக்குக் கீழும் 'நீதி' என்று ஒரு கட்டம் வேறு. அதை நான் படிப்பதே இல்லை, அவளும் கேட்பதில்லை.

முதலைப் பக்கத்துக்காகவே வாங்கலாம், வாய்வழியாகப் பழைய முடிவைச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தால். கீரிக் கதையின் ஓரத்தில் பென்சிலால் அந்த முடிவை எழுதி வைத்திருக்கிறேன். நேற்று அதைத்தான் படிக்கச் சொன்னாள். குடம் விழும் இடம் வந்ததும், படத்திலிருந்த கீரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.